பன்னிரண்டு முக்கு நீலம்

எங்கள் பட்டறையில் இப்போது நீலத் தாழிக்கு மீட்டர் வந்துவிட்டது. பேனா மாதிரி ஒன்று. நுனியைத் தாழியில் நனைத்தால் எண் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சுண்ணாம்பு போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். அது என்னிடம் இருந்திருந்தால் முதல் வருஷத்தில் மூன்று தாழிகளைச் சாகடித்திருக்க மாட்டேன். போன மாதம் அந்த மீட்டர் பழுதாகிவிட்டது. பொறுப்பில் இருக்கும் இரண்டு பெண்களும் வேங்கிக்காலில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"இது இல்லாம எப்டி கஸ்தூரிம்மா இத்தினி வருஷம் சமாளிச்சீங்க?"

"கை இருக்கே" என்றேன்.

சிரித்தார்கள். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வருவேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, ஓட்டுக் கொட்டகை ஒன்றில் பத்துப் பெண்கள் பாத்திக் வேலை செய்துகொண்டிருந்தோம். வெள்ளைத் துணியில் சூடான மெழுகால் படம் போட வேண்டும். துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால், மெழுகு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அவ்வளவுதான் பாத்திக். இரண்டு வருஷம் மெழுகுச் சட்டியோடு போயிற்று. தாழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருப்பூருக்கு வேலை மாறிப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தாழி நாறும், கை முழங்கை வரை நீலமாகிவிடும், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போனால் எல்லோரும் கையையே பார்ப்பார்கள். நான் போகிறேன் என்றேன். பெரிய லட்சியமெல்லாம் இல்லை. மெழுகுப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தாழி என்பது கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய மண்பானை. திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் அவுரி நீலக்கட்டியை ஊறவைத்து, சந்தனம் போல் அரைத்து, சுண்ணாம்புத் தெளிவில் கரைத்து ஊற்றுவோம். ஆனால் நீலம் அப்படியே துணியில் பிடிக்காது. தகரை விதையைக் குழைய வேகவைத்து அந்தக் கஞ்சியையும் ஊற்ற வேண்டும். அது புளித்து, உள்ளே உயிர் உண்டாகி, அந்த உயிர் நீலத்தைக் கரைத்துக் கொடுத்தால்தான் நூல் அதைக் குடிக்கும். புளிப்பு ஏறினால் தாழி அழுகிவிடும். சுண்ணாம்பு ஏறினால் உள்ளே இருக்கும் உயிர் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்துவதுதான் என் உத்தியோகம்.

காலையில் போனதும் முதல் வேலை மூடியைத் திறப்பது. மேலே செம்புத் தகடு போல ஒரு ஏடு படர்ந்திருக்க வேண்டும். கையால் ஏட்டை விலக்கினால் அடியில் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாக, பழைய நல்லெண்ணெய் நிறத்தில் தெரிய வேண்டும். இரண்டு விரலை நனைத்துத் தேய்த்தால் சோப்பு போல லேசாக வழுக்க வேண்டும். நிறைய வழுக்கினால் சுண்ணாம்பு ஜாஸ்தி. வழுக்கவே இல்லையென்றால் கம்மி. நுனி நாக்கில் வைத்தும் பார்ப்பேன். முகம் சுளிக்க வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதெல்லாம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த பிறகு ஒரே தாழியை ஒன்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் மேலாளர் பெயர் தரணேந்திரன். ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்து நயினார் வீட்டுப் பிள்ளை. தமிழ்ச் சமணர். எங்களுக்கு அவர் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது துணியைக் கெடுத்துவிட்டால் அந்தத் துணியைத் தன் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, கெடுத்தவரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொல்வார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் துணியையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு, "எங்க ஆரம்பிச்சுது?" என்று கேட்பார். யார் செய்தது என்று கேட்க மாட்டார். எங்கே ஆரம்பித்தது என்றுதான் கேட்பார். திட்டு வாங்குவது அதைவிடச் சுலபம். வேலை நன்றாக அமைந்தால், "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

பட்டறையில் அவர் வைத்த இரண்டு விதிகளுக்கு மாற்றே இல்லை. பட்டு கூடாது. தேன்மெழுகு கூடாது. பட்டுக்குப் புழு சாகிறது, தேன்மெழுகுக்குத் தேனீயின் வீடு போகிறது. பாத்திக் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது விதி எவ்வளவு தொல்லை என்று புரியும். வெறும் மெழுகுவத்தி மெழுகு சுலபமாக வெடிக்கும். தேன்மெழுகு கலந்தால்தான் வளைந்து கொடுக்கும். நாங்கள் குங்கிலியத்தைக் கலந்து சமாளித்தோம். நாலைந்து முக்கு வரை தாங்கும். அதற்கு மேல் செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும்.

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, ஐப்பசி மாதம். அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா தாழி வேலை பார்க்க வருகிறார், நல்ல நாற்காலியாக ஒன்று போடுங்கள் என்று சார் சொல்லியிருந்தார். ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் எங்களுக்குப் புதிதில்லை. நான் வாசலில் நின்றிருந்தேன். ஆட்டோவிலிருந்து உயரமாக, கறுப்பாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இறங்கி வந்தார். நான் அவரைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. திரும்பி, மெழுகு வேலை பார்க்கும் மல்லிகாவிடம், "வெள்ளைக்காரம்மா இன்னும் வர்ல போல" என்றேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் சொன்னது புரிந்துவிட்டது. எனக்கும் விளங்கும்படி மெதுவான இங்கிலீஷில், நீங்கள் எதிர்பார்க்கும் ஆள் நான்தான், பெயர் எஸ்தர் என்றார்.

மறுநாள் சாரைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். எஸ்தரம்மா சொன்ன பதிலைச் சார் சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: "பரவாயில்லையாம். நாற்காலி மட்டும் அவங்களுக்குப் போட்டதுதானேன்னு கேக்கறாங்க."

அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். அமெரிக்காவின் தெற்கே கடலை ஒட்டிய ஒரு தீவு அவருடைய ஊர். அங்கிருக்கும் தன் ஜனங்களைக் கல்லா என்று சொல்வார்கள் என்றார். நாங்கள் கடையில் காசு போடும் கல்லாவை நினைத்துக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று சார் விளக்கியதும் அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. அவருடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனது, நெல்லோடு அவுரியும் பயிர் செய்வதற்காக. இலையை ஊறப்போட்டு, அடித்து, நீலக்கட்டி எடுப்பது அவர்கள் வேலை. நாற்றத்திலும் ஈயிலும் நின்று செய்த வேலை. கட்டி கப்பல் ஏறிப் போய்விடும். தொட்டியின் அடியில் மிஞ்சிய வண்டலைச் சுண்ணாம்போடு குழைத்துத் தங்கள் குடிசைக் கதவிலும் ஜன்னலிலும் பூசிக்கொள்வார்களாம், கெட்ட ஆவி அண்டாமலிருக்க.

"நாம பூசணிக்கா கட்றாப்ல" என்றாள் மல்லிகா.

"இன்னிக்கும் அவங்க தெருவுல கதவெல்லாம் நீலம்தானாம்" என்றார் சார், எஸ்தரம்மா சொன்னதைக் கேட்டு.

அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் பதினோரு பெயர்கள். அவருடைய வம்சத்தில் அவுரி வேலை செய்தவர்கள் என்று பழைய ஏடுகளில் தேடித் தேடி எடுத்தவை. பன்னிரண்டாவது இடத்தில் பெயர் இல்லை. பண்ணை முதலாளியின் பதிவில், 'பெண், நீலம் செய்பவள்' என்று மட்டும் இருந்ததாம். இத்தனை பேரையும் ஒரு துணியில் மெழுகால் எழுதி, நல்ல அடர்த்தியான நீலத்தில் முக்கித் தர வேண்டும். கோடையில் குடும்பம் மொத்தமும் கூடும்போது அவர்கள் சர்ச்சில் அதைத் தொங்கவிடப் போகிறார். அந்தப் பன்னிரண்டு பேரும் தாங்கள் செய்த நீலத்தில் ஒரு முழத் துணியைக்கூட முக்கிப் பார்த்ததில்லை, அதனால் எனக்கு இளநீலம் வேண்டாம், இருட்டு மாதிரி நீலம் வேண்டும் என்றார்.

இருட்டு நீலத்துக்குப் பன்னிரண்டு முக்காவது வேண்டும். எங்கள் மெழுகு ஐந்துக்கு மேல் நிற்காது. மெழுகு உதிர்ந்தால் பெயர்களை நீலம் தின்றுவிடும்.

இதை நான் சொன்னதும் எஸ்தரம்மா தன் பையிலிருந்து ஒரு பெரிய கட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். மஞ்சள் நிறம், தேன் வாசனை. ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மல்லிகாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மரியாதையாக அவர் முன்னாலேயே திருப்பி வைத்தார்.

"இது இங்க வேணாம்னு சொல்றேன்" என்று எங்களுக்கும் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் அவரிடம் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று பிற்பாடு நான் கேட்டேன். "தேனீங்க தங்களுக்காக உழைச்சு வெச்சத நாம கேக்காம எடுத்துக்கறோம். அதனால எங்க வீட்ல அதத் தொடறதில்லன்னு சொன்னேன்" என்றார்.

எஸ்தரம்மா ஒன்றும் வாதாடவில்லை. கட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை மூடிவிட்டார்.

மறுநாள் மல்லிகா என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "அக்கா, கேட்டா குடுத்துடுவாங்க. கொஞ்சமா கலந்துடறேன். சாருக்குத் தெரியவா போவுது?"

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அம்மாவே உள்ளே வைத்துவிட்டதை நாம் எடுப்பதா? "வேணான்டி. வேற வழி பாக்கலாம்" என்றேன். குங்கிலியத்தைக் குறைத்து, கடலை எண்ணெய் சில சொட்டுகள் விட்டு, சின்னச் சின்னத் துண்டுத் துணியில் நாலு நாள் போட்டுப் போட்டுப் பார்த்தோம். எண்ணெய் ஏறினால் மெழுகு பரவி எழுத்து வீங்கிவிடுகிறது, குறைந்தால் வெடிக்கிறது. கடைசியில் ஓர் அளவு கிடைத்தது. அப்போதும் ஏழு முக்குதான் தாங்கும். ஆகவே இரண்டு முக்குக்கு ஒரு தடவை துணியை முழுக்கக் காயவைத்து, விரிசலையெல்லாம் இரண்டு பக்கமும் மல்லிகா மறுபடி மெழுகால் அடைப்பது என்று வைத்துக்கொண்டோம். அது நாளைத் தின்கிற வேலை. எஸ்தரம்மாவுக்குக் கார்த்திகை தீபம் முடிந்து மூன்றாம் நாள் விமானம்.

பெயர்களை எஸ்தரம்மா பென்சிலால் எழுத, மல்லிகா மெழுகால் மேலே ஓட்டினாள். பன்னிரண்டாவது இடத்தில் ஒரு நீளக் கட்டம் மட்டும் போட்டு, முழுக்க மெழுகு பூசச் சொன்னார்.

"சும்மா வெள்ளையா உட்டா நல்லாவா இருக்கும்? ஏதாவது ஒரு பேர் வைங்களேன்" என்றாள் மல்லிகா.

"பேர் தெரியலன்னா தெரியலன்னுதான் எழுதணுமாம்" என்றார் சார்.

துணியைத் தாழிக்குள் இறக்குவதை எஸ்தரம்மாவையே செய்யச் சொன்னேன். முதலில் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். பக்கவாட்டில் சத்தமில்லாமல் நழுவவிட வேண்டும். காற்றுக் குமிழி உள்ளே போகக் கூடாது, காற்றுதான் தாழிக்கு எதிரி. உள்ளேயே மடிப்பு மடிப்பாக விரல் ஓட்டி, நூற்றைம்பது எண்ணி, மெல்லத் தூக்க வேண்டும். வெளியே வரும்போது துணி வாழைக் குருத்துப் பச்சையில் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். முதல் தடவை அது மாறியபோது எஸ்தரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எட்டு முக்கு வரைக்கும் எல்லாம் சரியாகப் போயிற்று. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. துணி காயாமல் இரண்டு நாள் வீணானது. அதை ஈடுகட்ட நினைத்து, ஒரு நாளைக்கு இரண்டு முக்குக்கு மேல் போகாத நான், அதற்குள் தேங்கிப்போன ஆர்டர் துணிகளையெல்லாம் ஒரே நாளில் அதே தாழியில் இறக்கினேன். அது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை. மறுநாள் மூடியைத் திறந்தால் ஏடு இல்லை. தண்ணீர் பச்சை போய், வெளுப்புக்கு நீலம் கரைத்த வாளி மாதிரி கிடந்தது. வாசனையே இல்லை. தாழி குளிர்ந்து, களைத்து, படுத்துவிட்டது.

சார் வந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க ஆரம்பிச்சுது?"

"என் அவசரத்துலதான் சார்."

தலையாட்டினார். "ஹைட்ரோஸ் வாங்கிக்கலாம். ரெண்டு மணி நேரத்துல நீலம் கரைஞ்சிடும். பாக்கி நாலு முக்கு முடிஞ்சிடும். முடிவு உங்களுது."

ஹைட்ரோஸ் என்பது சாயப் பட்டறைகளில் போடும் வெள்ளைப் பொடி. புளிக்க வைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். தீபத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. எஸ்தரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாழிக்குள் கையை விட்டேன். ஜில்லென்றிருந்தது. ஆனால் அடியில், வண்டல் பக்கத்தில், இன்னும் ஒரு சின்ன வெதுவெதுப்பு இருந்தது. விரலை எடுத்து நாக்கில் வைத்தேன். கெடவில்லை.

"சாகல சார். மூணு நாள் குடுங்க. எழுந்துக்கும்" என்றேன்.

"எழுந்துக்கலன்னா?"

"எழுந்துக்கும்."

அந்த நிச்சயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், முதலில் செத்த மூன்று தாழிகளிலிருந்து வந்தது. செத்த தாழியின் அடி எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

தாழியைச் சுற்றி மண்ணைத் தோண்டி, உமியும் ஈரம் படாத சாணியும் திணித்தோம். தகரைக் கஞ்சியை வெதுவெதுப்பாகக் கொஞ்சமாக ஊற்றினேன். சுண்ணாம்பு ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. கலக்கவும் இல்லை. மூடி, கோணி போர்த்தி, சும்மா இருந்தேன். அதுதான் கஷ்டம். வெளியே ரோடு முழுக்க ஜனம், பஸ், தடுப்புக் கட்டை. எஸ்தரம்மா தினமும் வந்து தாழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். எங்களைப் பார்த்து ஒவ்வொரு பொருளாகக் காட்டித் தமிழில் பேர் கேட்பார்.

தீபத்தன்று காலையில் திருப்பதிக் கூட்டம் மாதிரி இருந்த ரோட்டில் முக்கால் மணி நேரம் நசுங்கி வந்து சேர்ந்தேன். கோணியை எடுத்தபோதே நாற்றம் அடித்தது. மூடியைத் திறந்தேன். ஏடு படர்ந்திருந்தது. முழுசாக இல்லை, ஓரத்தில் ஒரு பிறை மாதிரி. ஆனால் செம்பு நிறம்.

"சார்!" என்று கத்தினேன். அதுவரை அந்தப் பட்டறையில் யாரும் சாரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அன்று இரண்டு, மறுநாள் இரண்டு. பன்னிரண்டும் முடிந்தது. அடுத்த நாள் காலை கொதிக்கிற அண்டாவில் துணியைப் போட்டு, மெழுகு மேலே மிதக்க மிதக்க அள்ளி எடுத்தோம். குளிர்ந்த தண்ணீரில் அலசி, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து விரித்தோம். இருட்டு மாதிரி நீலம். அதில் பதினோரு பெயரும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வெள்ளையாக இருந்தன. பெயரில்லாத அந்தக் கட்டத்தில் மட்டும், பெரிய மெழுகுப் பரப்பு என்பதால், நாங்கள் அடைத்ததையும் மீறி மெல்லிய நீலக் கோடுகள் ஓடியிருந்தன. சார் அதைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ ஆரம்பித்தார். எஸ்தரம்மா அவரை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். கை ரேகையும் துணியில் இருந்த கோடுகளும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. பிறகு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். நாங்களும் எங்கள் வாய்க்கு வந்த மாதிரி திருப்பிச் சொன்னோம்.

"இருக்கட்டும்" என்றார் சார். அவர் கண் கலங்கியிருந்தது.

எஸ்தரம்மா போகும்போது, தாழி வைக்கும் முறையை நான் சொல்லச் சொல்ல, சார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தீவில் அவர் வீட்டுக் கொல்லையில் அவுரி வளர்த்து, நீலக்கட்டி எடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்களோடு தாழி வைத்திருக்கிறார். பத்து நாளாகியும் எழவில்லை. இன்ன தேதியில் தன் ஊரில் காலை எட்டு மணிக்குப் போன் செய்கிறேன் என்று எழுதியிருந்தார். நமக்கு அது சாயங்காலம் ஐந்தரை. சார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர், இருட்டிய பின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. நான் கேட்டேன், சார் மாற்றிச் சொன்னார்.

"ஏடு?"

"இல்லியாம்."

"வாசன?"

"ஒண்ணும் இல்லியாம். தண்ணி மாதிரி இருக்காம்."

"கைய உடச் சொல்லுங்க."

போன் அந்தப் பக்கம் கீழே வைக்கப்படும் சத்தம். தண்ணீர் சலசலத்தது. எஸ்தரம்மா திரும்ப வந்தார்.

"ரொம்ப வழுக்குதாம். கை எரியுதாம்."

"சுண்ணாம்பு ஜாஸ்தி. உள்ள இருக்கறது பட்டினி கெடக்குது. தகரை அங்க இருக்கா?"

தகரை கிடைக்கவில்லையாம், எதுவுமே ஊற்றவில்லையாம். கஞ்சி இல்லாமல் தாழியா? சட்டென்று யோசித்தேன். "தவிடு? அரிசித் தவிடு?"

சார் கேட்டார். பதில் வந்ததும் என் பக்கம் திரும்பினார். "அவங்க ஊர்ல சோறுதானாம் தினம். தவிடு எவ்ளோ வேணும்னு கேக்கறாங்க."

சொன்னேன். கஞ்சியாக வேகவைத்து, ஆறவைத்து, ஊற்று. சுண்ணாம்பைக் கிட்டேயே கொண்டுபோகாதே. கம்பளி போர்த்து. கலக்காதே. மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. அவர் எழுதிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. போனை வைத்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. சார் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

"எழுந்துக்குமா?" என்று கேட்டார்.

"கையால தொடாம எப்டி சார் சொல்றது?" என்றேன். என் வேலைக் காலத்தில் அப்படி நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஐந்தாம் நாள் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. சார் எடுத்தார். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, ரிசீவரை என் கையில் கொடுத்தார். காதில் வைத்தேன். பின்னால் நாலைந்து பெண்கள் கூச்சலும் சிரிப்புமாக இருந்தார்கள். அதற்கெல்லாம் மேலே எஸ்தரம்மாவின் குரல், தமிழில்:

"கஸ்தூரி! நாறுது! ரொம்ப நாறுது!"

சார் மொழிபெயர்க்கக் கையை நீட்டினார். நான் ரிசீவரைக் கொடுக்கவில்லை.

"இத நானே பேசிக்கிறேன் சார்" என்றேன்.